பத்து வருட ஒத்திகை

சென்னையில் குளிர்கோட்டு வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. போட்டுப் பார்த்தால் வியர்க்கும். வியர்த்துவிட்டால் கடைக்காரர், "இனிமே இதை யார்கிட்டம்மா விக்கிறது?" என்று முகத்தைப் பார்ப்பார். தமயந்தி அப்படித்தான் முழங்காலுக்குக் கீழே வரும் ஒரு பழுப்புக் கோட்டை, தனக்குப் பிடித்திருக்கிறதா என்று யோசிக்கும் முன்பே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வராது, கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிடுவாள். அந்தக் குணம்தான் இந்தக் கதையைக் கெடுக்கப்போகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் 'தாழம்பூ' வார இதழில் பதினைந்து வருடம் தொடர்கதைகளுக்குப் படம் போட்டவள். வரைந்தவள் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அந்த உலகத்தில் படம் போடுவதுதான், வரைவதெல்லாம் கண்காட்சிக்காரர்கள் செய்வது. எழுத்தாளர் அத்தியாயத்தை எழுதியே இருக்க மாட்டார். இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் உதவி ஆசிரியரிடமிருந்து போன் வரும். "ஒரு பொண்ணு, ஜன்னல், வெளியே மழை, மூஞ்சில கொஞ்சம் கோபம்." அவ்வளவுதான் கதை. தமயந்தி அதற்கு மூன்று மாதிரி போட்டு அனுப்புவாள். ஒன்றில் கோபம் கண்ணில் இருக்கும், ஒன்றில் கழுத்தில், ஒன்றில் அந்தப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் விதத்தில். எது ஏன் என்று ஓரத்தில் சின்னக் குறிப்பும் எழுதுவாள். ஆசிரியர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மற்ற இரண்டும் குப்பைக்கு. பிறகு எழுத்தாளர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மாதிரி அத்தியாயத்தை எழுதி, வாசகர் பாராட்டை வாங்கிக்கொள்வார்.

பிறகு இயந்திரம் வந்தது. வந்து பல வருடம் ஆகிவிட்டதால் அதைப் பற்றிப் புலம்புவதில் சுவாரசியம் போய்விட்டது. படங்களை அது போட்டது. தமயந்திக்குக் கிடைத்தது அது செய்த பிழைகளைத் திருத்தும் வேலை. கல்யாணப் பந்தியில் வாழையிலையின் நுனி வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் திருப்ப வேண்டும். முந்தானை தப்பான தோளில் கிடக்கும். உயிரோடு இருக்கும் மாமனாரின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருக்கும். தன் முப்பத்தெட்டாவது வயதில், காலையிலிருந்து சாயங்காலம் வரை யாரோ ஒருவரின் மாலையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையை அவள் வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே ஒழுங்காகச் செய்தாள்.

அப்போதுதான் ஹெல்வாரைப் பற்றிக் கேள்விப்பட்டாள். வடகடல் ஓரத்தில் இருக்கும் சின்ன நகரம். குளிர் அதிகம், ஜனங்கள் குறைவு. வெளிநாடுகளிலிருந்து கலைஞர்களை அழைத்துக் குடியேற்றிக்கொள்கிறது. வீடு தருவார்கள், பட்டறை தருவார்கள், பத்து வருடம் இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். யார் கேட்டும் படம் போடக் கூடாது. சொந்தமாகத் தோன்றுவதை மட்டும் செய்ய வேண்டும்.

"இதுல என்ன தமா கஷ்டம்? ஜாலியான நிபந்தனையா இருக்கே" என்றான் அவள் கணவன் செழியன். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவனுக்கு. மனிதர்களுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஆள்.

"உனக்குப் புரியல செழியா. இதுவரைக்கும் யாரும் கேக்காம நான் ஒரு படம் போட்டதே இல்ல. எனக்குள்ள ஒரு புத்தகம் இருக்குன்னு தோணுது. வார்த்தையே இல்லாத புத்தகம். அதுல என்ன இருக்குன்னு கேட்டா தெரியாது. இங்க இருந்தா தெரியவும் போறதில்ல. மாலை கழட்டியே செத்துப்போயிடுவேன்."

அவள் இப்படி நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. அன்றே ஹெல்வார் மொழியை இரண்டு பேரும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

விண்ணப்பிக்கும்போது கூடவே சுந்தரபாண்டியையும் இழுத்துக்கொண்டு போனாள். 'தாழம்பூ'வில் அவளுக்கு மூத்த ஓவியர் அவர். மதுரைக்காரர், மனைவியை இழந்தவர், மகா சோம்பேறி. ஒரு படம் கேட்டால் ஒரு படம்தான், அதுவும் அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்ற பிறகு. "மூணு போட்டா ரெண்டைக் கிழிச்சுப் போடுவாய்ங்கன்னு தெரியுதுல்ல, அப்புறம் ஏத்தா போடுற?" என்று அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "நமக்கு ஒரு திருப்திண்ணே" என்பாள்.

தேர்வு நுங்கம்பாக்கத்தில், ஹெல்வாரின் அலுவலகத்தில் நடந்தது. தலையில் மெல்லிய வலைத்தொப்பி ஒன்றை மாட்டி, விரல்களில் உறை போட்டு, இரண்டு வாரம் தினமும் படம் போடச் சொன்னார்கள். திரையில் ஒரு வரி வரும். 'ஒருவர் காத்திருக்கிறார்.' 'நீங்கள் இல்லாத உங்கள் அறை.' ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம். சுந்தரபாண்டி பாதி வரிகளைத் தாண்டிப் போய்விட்டார். 'ஒருவர் காத்திருக்கிறார்' என்ற வரிக்கு ஒரு ஆளின் முதுகை மட்டும் போட்டுவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்று எழுந்து டீ குடிக்கப் போனார். மறுநாள் அந்தத் தாளைத் தேடவும் இல்லை. தமயந்தி எல்லா வரிக்கும் மூன்று மூன்றாகப் போட்டாள். எதை விரும்பினாள், எதை ஒதுக்கினாள், ஏன் ஒதுக்கினாள் என்று ஓரத்தில் எழுதினாள். வாழ்க்கையிலேயே இவ்வளவு அக்கறையாக அவள் எதையும் செய்ததில்லை.

"இந்தத் தொப்பி எதுக்கும்மா?" என்று சுந்தரபாண்டிதான் கேட்டார். அலுவலக அதிகாரி சங்கவி யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஹெல்வாரில் பிறந்த பெண். முப்பது வயது இருக்கும். வீட்டில் பேசிப் பழகிய தமிழ் அப்படியே இருந்தது.

"அது ஒத்திகைக்கு ஐயா. ஒராளைக் கூப்பிட்டு பத்து வருஷம் வச்சிருக்கிறது எங்கட சின்ன ஊருக்குப் பெரிய செலவு. வந்தவை சில பேர் ஒரு படமும் கீறாமல் குளிரில மனசு உடைஞ்சு திரும்பிப் போயிட்டினம். அதால இப்ப முதலே ஓடவிட்டுப் பாக்கிறம். உங்கட மனசு, உங்கட கை, ரெண்டையும் பிரதி எடுத்து, எங்கட ஊரில பத்து வருஷம் இருக்க விடுறது. கணினிக்குள்ள அது கொஞ்ச நாள்தான். தாங்குவியளோ, கீறுவியளோ எண்டு தெரிஞ்சிடும்."

"அதுக்குள்ள இருக்கிறவனுக்கு டீ கிடைக்குமா?" என்றார் சுந்தரபாண்டி. சங்கவி சிரித்தாள். தமயந்திக்கும் அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது.

பத்து நாளில் போன் வந்தது. உங்கள் ஒத்திகை மிகச் சிறப்பாக வந்திருக்கிறது, தேர்வுக்குழு பிரமித்துப்போயிருக்கிறது, முடிவை நேரில் சொல்ல வேண்டும் என்றார்கள். சிறப்பு, பிரமிப்பு என்ற இரண்டு வார்த்தைகளுக்குப் பிறகு மனிதர்கள் மூன்றாவதைக் கேட்பதில்லை. செழியன் ஆஸ்பத்திரியில் வேலையை விட்டான். சொந்தக்காரர்களின் வாட்சப் குழுவில் செய்தி போனது. பெரியப்பா மகள் பருப்புப்பொடி அரைத்துக் கொடுத்தாள். எந்த ஊர் என்று சரியாகத் தெரியாத ஒரு சித்தப்பா, அங்கே போனதும் தன் மருமகனுக்கு ஒரு வேலை பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கறிவேப்பிலைச் செடி பக்கத்து வீட்டுக்குப் போனது. படம் போடும் மேஜையைக் கழற்றி ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்தாள். ஆவணியில் முதல் முகூர்த்த நாளாகப் பார்த்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நுங்கம்பாக்கம் போனாள்.

சங்கவி அவளை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்தாள். 

"அக்கா, உங்களைக் கூப்பிட ஏலாது."

தமயந்தி சிரித்துக்கொண்டே இருந்தாள். முகம் செய்தியைக் கேட்கச் சற்று நேரமாயிற்று. "சிறப்பா வந்திருக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"வந்திருக்கு அக்கா. அதுதான் பிரச்சினை." சங்கவி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினாள். "வழமையா ஒத்திகையில படங்கள் மங்கலாத்தான் வரும். வானிலை சொல்லுறமே, அதுமாதிரி. நல்லாக் கீறுவார் எண்டு தெரியும், என்ன கீறுவார் எண்டு தெரியாது. அந்தத் தெரியாததுக்காகத்தான் ஆளைக் கூப்பிடுறது. உங்கட ஒத்திகையில மங்கலே இல்லை. பத்து வருஷப் படமும் முழுசா வந்திட்டுது. கோடு கோடா, நிறம் நிறமா. நீங்கள் வந்து கீறினாலும் அதுதான் வரும்."

"எப்படி என்னுது மட்டும் முழுசா வரும்?"

"ஒரு வரிக்கு ஒரு படம் கேட்டம். நீங்கள் மூண்டு தந்தியள். எடுத்தது எது, விட்டது எது, ஏன் விட்டனீங்கள் எண்டு எழுதியும் தந்தியள். ஒராள் எதைச் செய்வார் எண்டு மட்டும் தெரிஞ்சால் பிரதியில ஓட்டை இருக்கும். எதைச் செய்ய மாட்டார் எண்டும் தெரிஞ்சிட்டால் ஓட்டையே இல்லை அக்கா. நாங்கள் இப்பிடி ஒண்டும் பாத்ததில்லை."

வெளியே யாரோ நகல் இயந்திரத்தில் தாள் அடைத்துக்கொண்டது என்று கத்தினார்கள். தமயந்தி பட்டுப்புடவையின் கரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் வரவில்லை, அவமானம்தான் வந்தது. ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்க நினைத்த பிள்ளை மாதிரி இரண்டு வாரம் குனிந்து குனிந்து போட்டாளே, அதை நினைத்து.

"இன்னும் குறையா தந்திருக்கணும்னு சொல்றீங்களா?"

சங்கவி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அழகான பைண்டிங். அட்டையில் தமயந்தியின் பெயர், ஹெல்வார் எழுத்திலும் தமிழிலும். "பிரதியின்ர ஆறாவது வருஷத்தில வந்தது. நகரம் அச்சடிச்சிருக்கு. ஒத்திகையில பிறக்கிறது நகரத்தின்ர சொத்து. ஆனால் பேர் உங்கடதுதான் அக்கா. அதை யாரும் எடுக்க ஏலாது."

வார்த்தையே இல்லாத புத்தகம். முதல் பக்கத்தில் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், ஒரு ஆள்கூட இல்லை. அடுத்ததில் பஸ் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்த ஒரு துண்டு. ரேஷன் கடை வரிசையில் ஆளுக்குப் பதிலாக வைத்த செங்கல், அதன் மேல் ஒரு பை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறும் பாயும் தலையணையும். மனிதர்களுக்காக இடம் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பொருட்கள். மனிதர்கள் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. இத்தனை வருடமாக என்னவென்று தெரியாமல் உள்ளே கிடந்தது இதுதான். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்று புரட்டும் முன்பே தெரிந்தது. சினிமா கொட்டகை நாற்காலியில் ஒரு கைக்குட்டை என்று நினைத்துப் புரட்டினாள், இருந்தது. கைக்குட்டையின் மடிப்பு அவள் மடிக்கிற மடிப்பு. சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. இப்படி ஒரு நல்ல காரியத்தைத் தன்னால் செய்ய முடியும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அதைச் செய்கிற வேலை முடிந்துபோய்விட்டது என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அவ எப்படி இருக்கா?" என்று கேட்டாள்.

"யார் அக்கா?"

"இதைப் போட்டவ."

"ஒத்திகை முடிஞ்சுது. நிப்பாட்டியாச்சு." சங்கவியின் கண் கலங்கியிருந்தது. "பத்து வருஷமும் நல்லா இருந்தா அக்கா. சந்தோஷமாத்தான் இருந்தா. அது பதிவில இருக்கு."

சுந்தரபாண்டிக்கு இடம் கிடைத்திருந்தது. அவருடைய ஒத்திகையில் மூன்றாவது வருடத்துக்குப் பிறகு வெறும் மூடுபனி. அந்த முதுகுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று இயந்திரத்தால் எத்தனை தடவை ஓட்டியும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். குழு அதில் சொக்கிப்போய்விட்டது. இதைக் கேட்டுவிட்டு அவர் தமயந்தியின் வீட்டுக்கு ஓடிவந்து கூடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"டீ குடிக்கப் போனேன்த்தா. வேற ஒண்ணுமே இல்ல. டீ குடிக்கத்தான் போனேன். இதுக்குப் போயி என்னைய எடுத்துருக்காய்ங்க. நான் போகலன்னு எழுதிக் குடுத்துர்றேன்."

"நீங்க போகலன்னா என்னைக் கூப்பிடப் போறாங்களாண்ணே? போயிட்டு வாங்க."

"போயி என்னத்தப் போடுவேன்?"

"அது தெரியாததாலதான உங்களைக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தார்.

செழியன் தன் பங்குக்கு ஆறுதல் சொன்னான். "எப்படிப் பாத்தாலும் அது நீதானே தமா? உன் புத்தகம் வந்துடுச்சு. உன் பேர்ல வந்துடுச்சு. கஷ்டப்படாம வந்துடுச்சுன்னு வச்சுக்கயேன்."

"கஷ்டப்படறதுக்குத்தான்டா போகணும்னு நெனச்சேன்" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவனை டா போட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்துபோய்ப் பருப்புப்பொடி டப்பாக்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில் அடுக்கினான். சொந்தக்காரர்கள் போனை அவன் எடுக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி ஒவ்வொருவராகக் கேட்பார்கள். விசா தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்கள்.

வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யார் யார்கிட்டேர்ந்து திருடினாங்கன்னு கேஸ் போடறதும்மா?" என்றார். "புத்தகம் வந்த தேதி அவங்களுது முந்தி. இனிமே நீங்க அதே மாதிரி ஒண்ணு போட்டீங்கன்னா, காப்பியடிச்சவங்க நீங்கன்னுதான் ஆகும்."

அவர் பேச்சுக்குச் சொன்னது அப்படியே நடந்தது. மேஜையில்லாததால் தமயந்தி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படம் போட ஆரம்பித்தாள். புத்தகம் போனால் போகட்டும், புதிதாக ஒன்று யோசிப்போம் என்று வைராக்கியம். பெரிய மழைக்குப் பிறகு மாடியில் காயப்போட்ட ஆல்பத்துப் புகைப்படங்களை, முகமெல்லாம் கரைந்துபோனதை, நாலு நாள் உட்கார்ந்து போட்டாள். நன்றாக வந்தது. இப்போதெல்லாம் எந்தப் பதிப்பகமும் ஒரு படத்தை வாங்குவதற்கு முன்னால் உலகப் பதிவேட்டில் போட்டுச் சோதித்துக்கொள்கிறது. சோதனை முடிவு அன்று மாலையே வந்தது. ஏற்கெனவே வரையப்பட்டது. ஓவியர்: தமயந்தி, ஹெல்வார், எட்டாவது வருடம்.

வேறொன்று போட்டாள். ஒன்பதாவது வருடம் என்று வந்தது. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றைப் போடலாம் என்று, கிரிக்கெட் மைதானத்தில் பூட்டி வைத்த பார்வையாளர் வரிசையைப் போட்டாள். இரண்டாவது வருடம். அங்கே போன புதிதில் பிரதித் தமயந்திக்கும் இதே எண்ணம் தோன்றியிருக்கிறது, தனக்குச் சம்பந்தமில்லாததைப் போடலாம் என்று. கடைசியில் வேண்டுமென்றே அசிங்கமாக, இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு எதையோ கிறுக்கி அனுப்பினாள். அது பதிவேட்டில் இல்லை. புதியது என்று சான்றிதழே வந்தது. பதிப்பகத்து இளைஞன் போன் செய்து, "மேடம், இது என்னன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று மரியாதையாகக் கேட்டான். அதோடு நிறுத்திவிட்டாள்.

பத்து வருடம் கழித்தாவது அங்கே வர முடியுமா என்று சங்கவிக்குப் போன் செய்து கேட்டாள். ஒத்திகையில் வராத பதினோராவது வருடத்துப் படத்தைப் போடலாமல்லவா? சங்கவி சொன்னாள். "அந்தப் பதினோராவது வருஷம் இந்தப் பத்தையும் கீறினவவுக்குத்தான் வரும் அக்கா. இதெல்லாத்தையும் கீறாமல் அங்க போறதுக்கு வழியில்லை. எனக்குப் பொய் சொல்ல விருப்பமில்லை."

தமயந்தி நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மறுநாளிலிருந்து பழைய திருத்தும் வேலைக்கே போனாள். செழியனைப் பழைய ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறு ஓர் இடத்தில், தூரத்தில், இரவுமுறை கிடைத்தது. இருவரும் ஹெல்வார் மொழியில் கற்ற வார்த்தைகளை வீட்டில் பேசுவதை விட்டுவிட்டார்கள்.

சுந்தரபாண்டி போய் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிட்டார். கனமான உடைக்குள் முகம் மட்டும் தெரிந்தது. பின்னால் உயரமான வெள்ளைச் சுவர்.

"ஏத்தா, உன் அறைக்கு வந்துருக்கேன்."

"என் அறையா?"

"ஆமா. மியூசியத்துல உனக்குன்னு ஒரு கூடமே வச்சுருக்காய்ங்க. இன்னைக்குத்தான் திறந்தாய்ங்க. இந்தா பாரு." போனைத் திருப்பினார். நீளமான கூடம், சுவர் முழுக்க அவளுடைய படங்கள். புத்தகத்தில் வராதவையும் இருந்தன. ஜனங்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். அந்தத் துண்டுப் படத்துக்கு எதிரில் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள். வெகுநேரமாக நகரவில்லை.

"அவங்க ஊர்ல துண்டு போட்டு சீட்டு பிடிக்கறது உண்டாண்ணே?"

"எங்கிட்டு? பஸ்ஸு காலியா ஓடுது இங்க. நாந்தான் எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். உன்னையத் தெரியும்னதும் சுத்தி நின்னுக்கிட்டாய்ங்க. கூட வேலை பாத்தவன்னு சொன்னதுக்கு ஒரு பெரியவரு கையப் புடிச்சவரு விடவே மாட்டேங்கிறாரு."

"நீங்க என்ன போட்டீங்கண்ணே அங்க?"

"ஒண்ணும் போடல. உக்காந்து பனியப் பாத்துக்கிட்டு இருக்கேன். வர்றப்ப வரட்டும்னு சொல்லிட்டாய்ங்க." அவர் எதையோ சொல்வதா வேண்டாமா என்று தடுமாறுவது தெரிந்தது.

"என்னண்ணே?"

"அந்தப் பெரியவரு ஒண்ணு கேட்டாரு. எனக்கு அவிங்க பாஷை சரியா வெளங்கலையோன்னு திருப்பிக் கேட்டேன். அதேதான் கேட்டாரு." கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ எப்பத் தவறிப்போனன்னு கேக்குறாரு தாயி. இங்க எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காய்ங்க. பத்து வருஷப் படமும் முடிஞ்சு சுவத்துல தொங்குது, ஆள் ஒரு நாளும் வரல. வேற என்ன நெனப்பாய்ங்க?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? நீ உசுரோட இருக்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்ப ஏன் அவங்க வரலன்னு கேட்டா அதுக்குப் பதில் எனக்குத் தெரியல. அதான் உனக்குப் போன் போட்டேன்."

தமயந்தி சமையலறைப் பக்கம் பார்த்தாள். செழியன் வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான். குக்கர் இன்னும் சத்தம் கொடுக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன ஆவணிலன்னு சொல்லுங்கண்ணே."

"ஏய், என்ன பேச்சு இது?"

"அப்படியே சொல்லுங்க. தூக்கத்திலேயேன்னு சொல்லுங்க, கஷ்டப்படலன்னு சொல்லுங்க. அவங்களுக்கும் ஒரு முடிவு வேணும்ல."

சுந்தரபாண்டி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது ஆள் அந்தக் கூடத்தின் நடுவில் தோள் குலுங்க நின்றார். போன் கையில் சரிந்து, பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைத்தாடிப் பெரியவர் திரைக்குள் வந்தார். அவர் சுந்தரபாண்டியை ஒரு கணம் பார்த்தார், தான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, படங்களின் பக்கம் திரும்பித் தலை குனிந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அப்படியே நின்றார்கள்.

தமயந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் எழுந்து நின்றாள்.